அக்கா சொன்னதும் நான் எழுதாததும்

1

போன சனிக்கிழமை என் அக்கா மங்கையின் முதலாண்டுத் திதி. விருத்தாசலத்தில் அவள் மகள் கவிதா இலை போட்டுப் படைத்து, படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஆங்கிலத் தேதிப்படி வருகிற புதன்கிழமைதான் ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கும் தேதிக்கும் இடையில் பதினோரு நாள். அந்த இடைவெளியில், ஸ்வீடனில் ஓர் ஏரிக்கரைச் சிற்றூரில், மூன்றாம் மாடிச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலை மணி ஒன்பது ஐந்து. வெளியே பதினேழு டிகிரி.

மணியையும் வெயிலையும் குறிப்பது என் வழக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தவன் நான். மின்கம்பங்களில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சோதிக்கும் வேலை கிடைத்து இங்கே வந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். முப்பத்தொரு நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை என் மனைவி ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

அக்கா தன் சாவு எப்படி நடக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியவை எல்லாம் எழுதியபடி நடந்தன. ஒன்றை எழுதாமல் விட்டேன். அது நடக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் அவள் அழுத்திச் சொல்லியிருந்தாள்.

2

தொடக்கம் இங்கிருந்துதான். எங்கள் கீழ்வீட்டில் இங்ரிட் என்ற மூதாட்டி தனியாக இருந்தார். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை இறந்தார். இறுதிச் சடங்கு இருபத்தைந்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அவர் மகன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எந்த வெள்ளிக்கிழமை வசதிப்படும் என்று கேட்டுத் தேதி குறித்தார். அதுவரை இங்ரிட் மருத்துவமனையின் குளிர் அறையில் இருந்தார். யாரும் அவசரப்படவில்லை. இங்கே மூன்று வாரம், நான்கு வாரம் சாதாரணம். வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

மகனைப் படிக்கட்டில் சந்தித்தபோது துக்கம் விசாரிக்கும் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் திறந்ததும் வந்தது வேறு: பரீட்சைக்குப் போகிறவர்களிடம் சொல்கிற 'நல்லபடியாக நடக்கட்டும்'. அவர் என் தோளைத் தொட்டு நன்றி சொன்னார். முப்பத்தொரு வருடம் பேசிய மொழி இப்படிப்பட்ட இடத்தில்தான் காலை வாருகிறது.

சடங்குக்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். என்ன பாட்டு, யார் பேசுவது, எந்த நிறத்தில் உடுத்தி வருவது, முடிந்ததும் என்ன சாப்பாடு என்று எல்லாம் இங்ரிட் தானே தீர்மானித்திருந்தார். தன் ஜன்னலோரத்துப் பூந்தொட்டிகளை வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போக வேண்டும் என்றும் இருந்தது. எனக்கு ஒரு கற்றாழை வந்தது. பல வருடங்களுக்கு முன்பே ஒரு படிவத்தில் இதையெல்லாம் நிரப்பிக் கையெழுத்திட்டு வைத்திருந்தாராம். ஈமச்சடங்கு அலுவலகத்தில் போய் நிரப்பாத படிவம் ஒன்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் யாருக்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதைச் சொன்னேன். வெறும் செய்தியாகத்தான் சொன்னேன்.

3

அக்காவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. ஊரில் பீங்கான் பட்டறைகள் கூடியிருக்கும் பேட்டையில் ஒரு பட்டறையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தவள். ஃப்யூஸ் கட்டைகளின் பிசிறு தேய்ப்பாள், காய வைப்பாள், சூளைக்கு அடுக்குவாள். கணவர் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. பள்ளி ஆசிரியையான கவிதாவோடு இருந்தாள். இதயம் சுருங்கி விரிவது குறைந்துவிட்டது, அறுவை தாங்காது என்று புதுச்சேரி மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கே அது தெரியும்.

ஞாயிறுதோறும் அங்கே பகல் பன்னிரண்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசுவோம்.

"சாவறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாளா அந்தக் கெழவி?" என்றாள்.

"ஆமாக்கா. பூவு, பாட்டு, துணி, எல்லாம்."

"எனக்கும் ஒன்னு எழுதுடா."

நான் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தேன்.

"என்னா, லைனு கட்டாயிடுச்சா? ஒன்னத்தான். எனக்கும் ஒன்னு எழுதுடான்னேன்."

படிவத்தைத் தமிழாக்கினேன். ஒன்பது கட்டங்கள். மொழிபெயர்ப்பது நினைத்த அளவு எளிதாக இல்லை. சடங்கு என்று போட்டால் பூசாரி வந்துவிடுகிறார். நிகழ்ச்சி என்று போட்டால் மேடை வந்துவிடுகிறது. கடைசியில் 'நினைவு விழா' என்று போட்டுப் படித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"விழாவா? அப்ப வாசல்ல வாழமரம் கட்டுவியாடா?"

அதை அடித்துவிட்டு 'படத்திறப்பு' என்று எழுதினேன். இருபத்தைந்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை ஸ்வீடனில் நடப்பதற்கு எங்கள் ஊரில் கிட்டத்தட்ட சமமானது பதினாறாம் நாள் நடக்கும் படத்திறப்புதான்.

வாரத்துக்கு ஒரு கட்டம், சில வாரம் இரண்டு. அவள் பதில்கள் என் நோட்டில் அவள் சொன்னபடியே இருக்கின்றன.

பூ? "ஒரே ஒரு மால. ரோசாவ பிச்சிப் பிச்சி ரோட்டுல போட்டுக்கிட்டுப் போவாங்களே, அது வாணாம். பின்னாடி வர்ற பஸ்ஸு நசுக்கும். பாவம் அது."

பாட்டு? "மேளம் வாணாம், வெடி வாணாம். இருவத்தொம்பது வருசம் மெஷினு சத்தம் கேட்டாச்சி. சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க."

படம்? "ஸ்டூடியோக்காரன் மூஞ்சிய வெள்ளையாக்குவான். அப்படி ஆக்குனான்னா, வந்தவங்க வேற யாரோ செத்துட்டான்னு திரும்பிப் போயிடுவாங்க."

விறகா, எரிவாயு மேடையா? "கேஸுதான். வெறவு ஒரு பக்கம் எரியும் ஒரு பக்கம் எரியாது. கேஸு ஒரே சீரா புடிக்கும்." சூளையைப் பற்றிப் பேசுகிற அதே குரல்.

கொள்ளி? "கவிதா வெக்கட்டும். யாராச்சும் கேட்டா, செத்தவ சொன்னான்னு சொல்லு. அவகிட்ட போயி கேக்கட்டும்."

எலும்பு? மணிமுத்தாற்றில் கரைத்தால் கூழாங்கல்லாகிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அக்கா அதை நம்பினாளா என்று தெரியாது. "ஆத்துல வுடு. தண்ணி இல்லன்னா மணல்ல பொதைச்சிடு. தண்ணி வர்றப்ப வந்து எடுத்துக்கட்டும்."

படத்திறப்பில் யார் பேசுவது? "ஜெயமேரி மட்டும்." ஜெயமேரி அக்காவோடு ஒரே மேசையில் வேலை செய்தவர். "மத்தவங்க எல்லாம் என்ன நல்லவம்பாங்க. அவதான் என்ன திட்டுவா."

சாப்பாடு? "டீ போதும். பேப்பர் கப்புல குடுத்தீங்கன்னா எந்திரிச்சி வந்துடுவேன். பீங்கான் கப்புல குடுங்க."

என் மகள் நிலா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது. வேறு ஊரில் வேலை. அக்கா பேசுவதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. சிரிக்கிற இடங்களில் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அழைப்பு முடிந்ததும் ஸ்வீடிஷில், "அத்தையின் படிவம் முடியப்போகிறது. உங்களுடையது எங்கே?" என்று கேட்டாள். பிறகு தமிழில் யோசித்து, "எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா. எழுதுங்க, ப்ளீஸ்," என்றாள். எழுதுகிறேன் என்றேன். இன்னும் எழுதவில்லை.

4

ஏழாவது ஞாயிறு. பங்குனி முடியும் நேரம். ஒன்பதாவது கட்டம்: 'வேறு ஏதேனும் விருப்பம்'.

"இத நல்லா கேட்டு எழுதிக்க," என்றாள் அக்கா. "என்ன ஐஸ் பொட்டியில வெக்கக் கூடாது."

நான் பேனாவை எடுத்தேன்.

"காலையில போனா சாயங்காலம் எடுத்துடணும். சாயங்காலம் போனா மறுநா காலையில. யாருக்காவவும் வெச்சிருக்கக் கூடாது."

"யாருக்காகவும்னா?"

"ஒனக்காவத்தான்டா. வெளிநாட்டுல எனக்கு வேற யாரு இருக்கா?"

சிரித்தாள். பிறகு, "ஈரச் சாமான சூளையில ஏத்துனா என்னா ஆவும்? படிச்சவன்தான, நீயே சொல்லு," என்றாள்.

"வெடிக்கும்."

"அதான். ரெண்டு நாளு ஐஸ்ல ஊறிட்டு நெருப்புல போவ முடியாது. காஞ்ச சாமானாப் போவணும் நானு."

அது விளையாட்டுக்குச் சொன்னது. உண்மையான காரணத்தை அடுத்துச் சொன்னாள். அவள் கணவர் இறந்தபோது கவிதாவுக்குப் பதினாறு வயது. கணவரின் அண்ணன் மும்பையிலிருந்து ரயிலில் வர வேண்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அப்போது நான் இங்கே இருந்தேன். போகவில்லை. எங்கள் தெருவில் சாவு எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. காலையில் இறந்து மாலையில் எடுப்பார்கள் என்ற கணக்கில் ஏற்பட்ட வழக்கம் அது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஐஸ் பெட்டியும் வந்தபிறகும் யாரும் அதைத் திருத்தவில்லை.

"எதிர்வூட்டுக் கைக்கொழந்தக்காரி பொழக்கடையில ஒளிஞ்சி கஞ்சி காச்சினா. திருடி மாதிரி. நம்ம வூட்டு சாவால தெருவே பட்டினி. கவிதா அந்தப் பொட்டியோட கண்ணாடிய தொடச்சிக்கிட்டே ஒக்காந்திருந்துது. மேல தண்ணி பூக்குமே, அத. தொடைக்கும், திரும்பப் பூக்கும், திரும்பத் தொடைக்கும். ரெண்டு நாளும் பச்சத் தண்ணி குடிக்கல. அத அவளுக்கு இன்னொரு தடவ நான் பண்ண மாட்டேன். கொள்ளி வெக்கிறவ கூடவே இருக்கா. அப்பறம் யாருக்குடா காத்திருக்கணும்?"

"நான் ஒன்ன பாக்க வேணாமாக்கா?"

"வாரா வாரம் பாத்துக்கிட்டுதான இருக்க? செத்த மூஞ்சில என்னா இருக்குது புதுசா?"

பேனா முனையை அந்தக் கட்டத்தில் வைத்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'காலை 8.50. ஒன்பதாம் கட்டம். அக்கா சொன்னாள். எழுதவில்லை.' காரணம் எழுதியிருக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவள் சொன்னதை எழுதிவிட்டால், அவள் இறக்கிற நாளில் நான் தேவைப்படாதவன் என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்ததாகிவிடும். எழுதாததை யாரும் மீற முடியாது.

புதன்கிழமை படிவத்தைக் கவிதாவுக்கு அனுப்பினேன். அவள் கடையில் அச்செடுத்து, கண் புரை விழுந்த அக்காவுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, படம் பிடித்து அனுப்பினாள். மங்கை என்ற கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது.

5

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கே அது விடுமுறை மாதம். ஊரே கோடை வீடுகளுக்குப் போயிருந்தது. சோதனைக்கூடத்தில் நானும் இன்னொருவரும் மட்டும். காலை எட்டு ஏழுக்குக் கவிதா கூப்பிட்டாள். செவ்வாயன்று அவள் கூப்பிட மாட்டாள்.

"மாமா."

"சொல்லும்மா."

"அம்மா போயிடுச்சி மாமா. பதினொன்னு இருவதுக்கு. டீ கேட்டுச்சி. போட்டு எடுத்தாந்தேன். அதுக்குள்ள..."

பின்னால் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மாறியது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல்.

"ஃபாரத்தைக் கையில வெச்சிருக்கேன் மாமா. எல்லாம் இதுல இருக்கிறபடி பண்ணிடுவோம். ஐஸ் பொட்டி பத்தி இதுல ஒன்னும் இல்ல. சொல்லிடட்டுமா? நீங்க வர்றீங்கல்ல?"

அக்கா சொன்னதைச் சொல்வதற்கு எனக்கு அப்போது முழு வாய்ப்பு இருந்தது. சொல்லியிருந்தால் அன்று மாலை நான்கு மணிக்கு எடுத்திருப்பார்கள்.

"வரேன். பொட்டிக்குச் சொல்லிடு. எப்படியும் வியாழக்கெழம ஆயிடும்," என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், ஜெயமேரியுடையது, "எப்ப வராராம்? வியாழக்கெழமையா? ரெண்டு நாளாடி?" என்றது. அழைப்பு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.

என் மேலாளரை அவருடைய கோடை வீட்டில் கூப்பிட்டேன். வருத்தம் தெரிவித்தார். உடனே விடுப்பு கொடுத்தார். இறுதிச் சடங்கு எப்போது என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். "எந்த வியாழக்கிழமை?" நாளை மறுநாள் என்றேன். "இரண்டே நாளிலா? அதற்குள் மனிதர்கள் எப்படி வந்து சேருவார்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அதே இரண்டு நாளை இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் கேட்டார்கள்.

கோடை விடுமுறை என்பதால் செவ்வாயன்று எந்த விமானத்திலும் இடமில்லை. புதன் பன்னிரண்டரைக்குக் கிடைத்தது. விமான நிலையத்தில் ஸ்வீடன் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு இந்தியர் அட்டையும் காட்டினேன். அட்டையில் இருக்கும் எண் பழைய பாஸ்போர்ட்டுடையது என்று அதைக் கேட்டார்கள். அதையும் கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண் அட்டையில் இருந்த முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் போகும் காரணத்தை யாரும் கேட்கவில்லை. சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

6

வியாழன் காலை ஒன்பது நாற்பதுக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். அக்கா இறந்து நாற்பத்தாறு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

தெருவில் பந்தல். நாற்காலிகளில் ஆண்கள். நான் காரிலிருந்து இறங்கியதும் ஒருவர் கைபேசியில், "வந்துட்டாரு, வந்துட்டாரு, சொல்லிடு," என்றார். யாருக்கு என்று தெரியவில்லை. ஒரு வேலை தொடங்கப் போகிறது என்ற நிம்மதி எல்லார் முகத்திலும் தெரிந்தது. யாரும் என்மேல் கோபமாக இல்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

கூடத்தில் பெட்டி. அதன் மோட்டார் சத்தம் சோதனைக்கூடத்து உலர்பெட்டியின் சத்தம் போலவே இருந்தது. தலைமாட்டில் கவிதா. முப்பத்தெட்டு வயதுப் பெண், மடியில் நனைந்த துண்டோடு. என்னைப் பார்த்ததும் எழுந்து, கண்ணாடியின் மேல் பூத்திருந்த நீரை முகம் தெரியும் அளவுக்கு ஒரு வட்டமாகத் துடைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"பாருங்க மாமா," என்றாள்.

பார்த்தேன். அக்கா சொன்னது சரி. புதிதாக ஒன்றும் இல்லை. நீல நிறச் சேலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. பெட்டியைத் திறந்தபோது கன்னத்தைத் தொட்டேன். குளிர்காலத்தில் வெளியே வைத்த பீங்கானைத் தொடுவது எனக்குப் பழக்கம். அதே குளிர்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஒன்றரைக்கு ராகு காலம் வருவதற்குள் எல்லாம் முடிக்க வேண்டும் என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"சாப்டியாம்மா?" என்று கவிதாவைக் கேட்டேன்.

"இனிமேதான் மாமா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயமேரி, "செவ்வாக்கெழம காலையில தின்னது," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பதினொன்றரைக்கு எடுத்தோம். மேளம் இல்லை. ஒரே மாலை. தெருமுனை திரும்பும்போது பின்னால் ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கவிதா கொள்ளி வைத்தாள். யாரோ ஒருவர் முணுமுணுத்தார். 'செத்தவ சொன்னா' என்ற பதில் எல்லாருக்கும் முன்பே சொல்லப்பட்டிருந்ததால் முணுமுணுப்போடு நின்றது. எரிவாயு மேடை ஒரே சீராக எரிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை.

மறுநாள் ஆற்றில் தண்ணீர் இல்லை. முழங்கால் ஆழம் தோண்டியதும் மணலில் ஊற்று கசிந்தது. அதில் வைத்து மூடினோம். காலை ஏழு இருபது.

7

படத்திறப்பு பதினாறாம் நாள், புதன்கிழமை மாலை நான்கு மணி. எழுபது பீங்கான் கப்புகளை ஜெயமேரி தெரிந்த பட்டறைகளில் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவு, பொருந்தாத நிறம். படத்தில் அக்கா அவள் நிறத்திலேயே இருந்தாள். ஸ்டூடியோக்காரரிடம் கவிதா மூன்று முறை திருப்பிக் கொடுத்து வாங்கியது.

படிவத்தில் இருந்தபடி ஜெயமேரி பேசினார்.

"மங்கைய எல்லாரும் நல்லவ நல்லவங்கிறாங்க. பொய்யி. சூப்ரவைசர் வர்ற நேரமாப் பாத்து என் தட்டுல இருக்கிற நல்ல சாமானத் தன் தட்டுக்கு மாத்திக்குவா. கேட்டா, ஒனக்குக் கொழந்த இருக்குது, திட்ட மாட்டாங்க, எனக்குத்தான் பயம்பா. அவளுக்கும் ஒரு கொழந்த இருந்துது, தெரியுமில்ல? இதோ நிக்கிது." சிரித்தார்கள். ஜெயமேரி சிரிக்கவில்லை. "இனிமே யாருகிட்ட நான் சண்ட போடுறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு நான் படிவத்தைப் படித்தேன். வந்தவர்களுக்கு அதைக் கேட்க ஆசை இருந்தது. ஊரில் பேச்சு பரவியிருந்தது. ரோசாப்பூ, வெடி, வெள்ளையாக்கிய முகம், ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. எட்டுக் கட்டங்கள் முடிந்தன. ஒன்பதாவதில் நான் போட்ட கோடு இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அக்கா சொன்னதை, நாட்குறிப்பு இல்லாமலே, அவள் சொன்ன வரிசையில் சொன்னேன். ஐஸ் பெட்டி வேண்டாம். காலையில் போனால் மாலையில். யாருக்காகவும் வைத்திருக்கக் கூடாது.

சிரிப்பு நின்றது. டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பறம் ஏன் தம்பி ரெண்டு நாளு வெச்சீங்க?" என்று கேட்டார் ஜெயமேரி.

"இதுல எழுதல. அக்கா சொல்லுச்சி. நான் எழுதாம விட்டுட்டேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல."

அவர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு ரெண்டு நாளு கண்ணாடியத் தொடச்சிக்கிட்டுக் கெடந்துதுடா. நீ வந்து அஞ்சி நிமிசம் பாத்த," என்றார்.

"ஆமா," என்றேன்.

எல்லாரும் போனபிறகு கவிதா கப்புகளைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். பாதியில் கையைத் துடைத்துக்கொண்டு போய், படிவத்தையும் ஒரு பேனாவையும் எடுத்து வந்தாள்.

"எழுதுங்க மாமா."

"இப்ப எதுக்கும்மா?"

"எழுதியிருக்குதுன்னு அம்மாகிட்ட நான் படிச்சிக் காட்டிட்டேன். அன்னிக்கே. கடைசிக் கட்டத்துல என்னா எழுதியிருக்கான், படின்னுச்சி. பாத்தா வெறும் கோடு. எங்கிட்டயும் அம்மா அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்துது, அதனால எனக்கு வரி தெரியும். இருக்கிற மாதிரி படிச்சிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வரணும்னுதான். பொட்டி பக்கத்துல ஒக்காந்திருக்கிறது எனக்குப் பெருசில்ல மாமா. அம்மாவும் போயி, நீங்களும் வராம போயிட்டா, இந்த வூட்டுல நான் யார மாமான்னு கூப்புடறது?"

பேனாவை வாங்கி, கோட்டுக்குக் கீழே அக்கா சொன்னதை எழுதினேன். கட்டம் சிறியது. எழுத்து நெருக்கமாகத்தான் வந்தது. கவிதா வாங்கிப் படித்தாள். உதடு அசையப் படித்தாள்.

"நீ படிச்சிக் காட்டினது இதேதானா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. நான் கடைசியில ஒரு வரி சேத்துப் படிச்சேன். தம்பி வந்து சேர்ற வரைக்கும் வேணும்னா வெச்சிருங்கன்னு."

"அக்கா என்ன சொல்லுச்சி?"

"அது நான் சொல்லலியேன்னுச்சி." கவிதா படிவத்தை மடித்தாள். "கொஞ்ச நேரம் கழிச்சி, சரி, எழுதிட்டான்ல, இருக்கட்டும்னுச்சி."